பத்து டெசிபல் குறைவு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, அலுவலகத்தின் கருவி அறையில், மீட்டரம்மாவின் கையில் இருந்த மீட்டர் தொண்ணூற்று நாலு என்று காட்டியது. காட்டியிருக்க வேண்டியது நூற்று நாலு.

மீட்டரம்மா என்பது கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளுக்கு விழுந்த பெயர். முப்பத்தாறு வயதில் அம்மா பட்டமா என்று முதலில் கொஞ்சம் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. நகரத்தில் எங்கே பெரிய கட்டடம் எழும்பினாலும், அங்கே ஓடுகிற இயந்திரங்கள் எவ்வளவு சத்தம் போடுகின்றன, பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்குவார்களா, வேலை செய்கிறவர்களின் காது தாங்குமா என்று அளந்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. மூன்று கால் தாங்கியில் மீட்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். இருமக்கூடாது, பேசக்கூடாது. பார்க்கிறவர்களுக்கு என்னவோ இவள் சும்மா நின்று சம்பளம் வாங்குவது போலத்தான் இருக்கும். கணவனே ஒருமுறை அப்படித்தான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அளப்பதற்கு முன்னால் மீட்டருக்கு ஒரு சின்னச் சடங்கு உண்டு. காலிபிரேட்டர் என்று உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உருளை இருக்கிறது. அதை மீட்டரின் மைக் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்தால், கூ என்று ஒரே சீராக ஊதும். அது எத்தனை டெசிபல் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். 'இதுதான் தொண்ணூற்று நாலு, நினைவில் வைத்துக்கொள்' என்று மீட்டருக்குப் பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அளந்து முடித்த பிறகு மறுபடி ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, அதே எண் வந்தால் அளந்ததெல்லாம் சரி என்று அர்த்தம். உருளையின் அடியில் கடுகளவு ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் தொண்ணூற்று நாலு, மறுபக்கம் தள்ளினால் நூற்று நாலு. அவள் வேலைக்குச் சேர்ந்த எட்டு வருடமும் அது தொண்ணூற்று நாலில்தான் இருந்தது. அதனாலேயே அதைப் பார்ப்பதை என்றோ விட்டுவிட்டாள். தினமும் பூட்டுகிற வீட்டுச் சாவியை யார் உற்றுப் பார்க்கிறார்கள்.

இன்று பேட்டரி மாற்றுவதற்காக உருளையைத் திருப்பினாள். சுவிட்ச் நூற்று நாலில் நின்றது.

வருடாந்திரப் பரிசோதனைக்கு வெளியே அனுப்பி, போன மாதம்தான் திரும்பி வந்தது. அங்கே யாரோ தள்ளியிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு ஒரே ஓர் இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். அன்று நூற்று நாலாக ஊதியதை மீட்டரிடம் தொண்ணூற்று நாலு என்று சொல்லியிருக்கிறாள். மீட்டரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அன்றைக்கு முழுக்க எல்லாவற்றையும் பத்துப் பத்தாகக் குறைத்தே காட்டியிருக்கிறது. முடிவில் சரிபார்த்தபோதும் அதே உருளை, அதே சுவிட்ச், அதே தொண்ணூற்று நாலு. பொய்க்குப் பொய்யே சாட்சி சொல்லியிருக்கிறது. அவளும் 'முன்னும் பின்னும் பொருந்துகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

 உண்மையைச் சொன்னால், அவளுக்கு முதலில் வந்த பயம் தன்னைப் பற்றியதுதான். வேலை போய்விடும், பெயர் போய்விடும், இனி யார் இவள் அறிக்கையை நம்புவார்கள் என்றுதான் மனசு ஓடியது. பேசாமல் சுவிட்சைத் தள்ளி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விரல் சுவிட்ச் மேலே போயும்விட்டது. அப்போதுதான் அந்த அறிக்கையின் கடைசிப் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. கடைசிப் பக்கம் ரிவர்ஸ் அலாரத்தைப் பற்றியது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த இடத்தில் பதினோரு மாடிக் கட்டடத்துக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மண்ணை அள்ளிப் போக நாள் முழுக்க டிப்பர் லாரிகள் வரும். திரும்ப இடம் கிடையாது என்பதால் வாசலில் இருந்து பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் பின்பக்கமாகவே வரும். வரும்போதெல்லாம் பீப் பீப் என்று அலாரம் அடிக்கும். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு கொதித்துப் போனது. மூன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள்; தூங்க வைத்த அடுத்த நிமிடம் பீப். ஏதாவது செய்யுங்கள் என்று மனு மேல் மனு. மீட்டரம்மா போய் அளந்தாள். லாரிகளுக்குக் கொடி காட்டுகிற கொடியக்கா நிற்கிற இடத்தில் சுற்றுச் சத்தம் எழுபத்திரண்டு என்று வந்தது. அலாரப் பெட்டியில் மூன்று நிலை வைக்கிற திருகு இருந்தது. எழுபத்திரண்டுக்கு, இருப்பதிலேயே சத்தம் குறைந்த கடைசி நிலையே தாராளம், நிற்கிறவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்று, பெட்டியில் பொறித்திருந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு எழுதிவிட்டாள். அலாரத்தைக் குறைத்துவிட்டார்கள். குடியிருப்பில் இருந்து நன்றிக் கடிதம்கூட வந்தது.

எழுபத்திரண்டு இல்லை. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டில் அந்தக் கடைசி நிலை அலாரம் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

அன்றைக்கே ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இத்தனை லாரி ஓடுகிற இடத்தில் எழுபத்திரண்டா என்று. "எல்லாம் புது வண்டிங்க மேடம், பூனை மாதிரி வரும்" என்று மேற்பார்வையாளர் மார்தட்டிக்கொண்டார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவளும் உறுத்தலை விழுங்கிவிட்டாள்.

லாரிகளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நாள் முழுக்க நிற்பவள் கொடியக்கா. பச்சைக் கொடி காட்டினால் வரலாம், சிவப்புக் கொடி காட்டினால் நிற்க வேண்டும். ஒரு லாரிக்கு முகத்தைக் காட்டினால் இன்னொரு லாரிக்கு முதுகைக் காட்டித்தான் ஆகவேண்டும், அந்த இடம் அப்படி. முதுகுப் பக்கம் வருவதைச் சொல்ல அவளுக்கு இருந்தது அந்த பீப் ஒன்றுதான். அளந்த அன்று, "காதுக்குள்ள ரீங்கரிச்சுக்கிட்டே இருக்கு தங்கச்சி, படுத்தாலும் விட மாட்டேங்குது" என்று அவள் சொன்னதும் மீட்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தன்னுடைய காதுக் கவசத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். "வேலை நேரத்துல இதக் கழட்டவே கூடாது, சரியாக்கா" என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

அலாரத்தையும் குறைத்து, காதையும் மூடிவிட்டு வந்திருக்கிறாள். 

மேற்பார்வையாளருக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். இயந்திரம் ஓடுகிற இடத்தில் சட்டைப்பையில் இருக்கிற போன் யாருக்குக் கேட்கும். தொழிலாளர்களின் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதுவும் பாதுகாப்புக்காகத்தான். எதிர் மேசைக்காரர், "என்னங்க, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றார்.  மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, எதிரே வந்த டாக்சியில் ஏறினாள்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் அவளுக்கு ஒரு காட்சி வந்தது. லாரி பின்னால் வருகிறது, கொடியக்கா முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான். ஒன்பது நாள் ஆகிறது அலாரத்தைக் குறைத்து. ஒன்பது நாளில் ஏதாவது நடந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா. சொல்லியிருப்பார்கள். ஆனால் பத்தாவது நாள் இன்றைக்குத்தானே. போன் அடித்தது. உயிரே போய்விட்டு வந்தது. கணவன்.

"பாப்பாவோட ஷூல ஒண்ணக் காணோம். ஒண்ணு மட்டும்தான் இருக்கு. பத்து மணிக்கு ஸ்கூல்ல விடணும்."

"கட்டிலுக்கு அடியில பாருங்க."

"பாத்துட்டேன். உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ட்ராஃபிக்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

டாக்சியை விட்டு இறங்கியபோது மணி பத்தரை ஆகிவிட்டிருந்தது. வாசலுக்கு இருபது அடி முன்னாலேயே அவள் கால் நின்றுவிட்டது. உள்ளே சத்தமே இல்லை. லாரி இல்லை, லோடர் இல்லை, ஜெனரேட்டர்கூட இல்லை. எட்டு வருடமாகச் சத்தத்தைக் குறை குறை என்று எழுதிக்கொண்டிருப்பவள் அவள். அந்த நிசப்தத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலை நாளில், பட்டப்பகலில், இப்படி எல்லா இயந்திரத்தையும் ஒன்றாக எதற்கு நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எங்கேயாவது யாராவது விழுந்து கிடந்தால்தான் நிறுத்துவார்கள்.

காவலாளி நோட்டை நீட்டி, கையெழுத்துப் போடுங்க மேடம், ஹெல்மெட் போடுங்க என்றார். கிறுக்கிக் கொடுத்தாள். "என்ன ஆச்சு உள்ள?" என்று கேட்டாள்.  அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவள் பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினாள். தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாகக் கூடி நின்றார்கள். எல்லோரும் குனிந்து நடுவில் எதையோ பார்த்தார்கள். ஓடினவள் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

நடுவில் டீ கேன் இருந்தது. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம், கரெக்டா டீ நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் மேற்பார்வையாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொடியக்கா இல்லை.

"கொடியக்கா எங்க?"

"அங்க எங்கயாவது உக்காந்திருக்கும். அதுக்குக் கூட்டம் ஆகாது."

நிறுத்தியிருந்த டிப்பர் லாரி ஒன்றின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால், அதன் நிழலில், ஒரு கான்கிரீட் கட்டையில் உட்கார்ந்திருந்தாள் கொடியக்கா. காதில் கவசம், கண் மூடியிருந்தது. இரண்டு கொடிகளையும் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். ஓட்டுநர் இருக்கை காலிதான், அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் மீட்டரம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, கட்டையில் இருந்து அவளை இழுத்து நிழலுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டாள். கொடிகள் மண்ணில் விழுந்தன.

"என்ன தங்கச்சி, என்ன ஆச்சு, ஏன் அழுவுற?" என்றாள் கொடியக்கா, கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு.

"லாரிக்குப் பின்னாடியா உக்காருவாங்க?"

"கிளம்பினா தரை சொல்லிடும். பாதத்துல கிர்ருன்னு ஏறும். அதெல்லாம் எனக்குத் தெரியும்."

"அலாரம் கேக்காதா?"

 கொடியக்கா குனிந்து கொடிகளை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. ஒரு வாரத்துக்கு மேல ஆவுது, அந்த பீப் எனக்குக் கேக்கவே இல்ல. நீ குடுத்தியே, இதக் கழட்டிட்டும் பாத்தேன். ம்ஹும். இஞ்சின் இரைச்சல்தான் கேக்குது. காது போயிடுச்சு தங்கச்சி. பதினாலு வருஷமா இந்த இரைச்சல்ல நிக்கிறேன், போவாம என்ன செய்யும். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. காது கேக்காதவள யாரு கொடி புடிக்க வெப்பாங்க? பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"மத்தவங்களுக்குக் கேக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"எப்படிக் கேக்கறது? உனக்குக் கேக்கலயான்னு திருப்பிக் கேட்டா?"

 லாரி ஏறியிருக்குமோ என்பது ஒரு பயம் என்றால், மீட்டரம்மாவுக்கு இது வேறு பயம். ஒன்பது நாள் இந்த மனுஷி காது போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பாதத்தால் லாரியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எல்லாம் கடுகளவு சுவிட்சால். சுவிட்சால் என்ன, தன்னால்தான். அவள் கொடியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். உருளை, சுவிட்ச், எழுபத்திரண்டு, எண்பத்திரண்டு, திருகு. கொடியக்காவுக்கு எண்கள் புரிந்ததோ இல்லையோ, ஒன்று புரிந்துவிட்டது.

"அப்போ அலாரமே சின்னதா வெச்சுட்டாங்களா? யாருக்குமே கேக்காதா?"

"யாருக்குமே கேக்காது."

"அப்போ என் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் கொடியக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "அடிப்பாவி, பத்து நாளா என்னைச் செவிடியாக்கிட்டியே நீ." கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூட மீட்டரம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

டீ கேனைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். பூசி மெழுகவில்லை. என் தப்பு, பத்து டெசிபல் குறைத்து எழுதிவிட்டேன், அலாரத்தைப் பழைய நிலைக்கு ஏற்றுகிற வரைக்கும் ஒரு லாரியும் நகரக்கூடாது என்றாள். மேற்பார்வையாளரின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அறிக்கைல உங்க கையெழுத்து இருக்கு மேடம்."

"இருக்கு. அதுதான் தப்புன்னு சொல்றேன்."

"பக்கத்துக் குடியிருப்புக்கு நான் என்ன சொல்றது? நன்றின்னு கடுதாசி குடுத்திருக்காங்க."

"என் பேரச் சொல்லுங்க. நானே வந்து பேசுறேன்."

ஒரு லாரி ஓட்டுநர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் கேக்கல சார். ரிப்பேருன்னு நெனச்சேன்" என்றார். இன்னொருவரும் தலையாட்டினார். மேற்பார்வையாளர் அவர்களையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் போனது. நல்ல மனுஷன், ஒத்துக்கொண்டுவிட்டார். மெக்கானிக்கை அழைத்து முதல் லாரியின் திருகை உச்சத்துக்கு ஏற்றச் சொன்னார்.

இந்தத் தடவை பெட்டியில் பொறித்த எண்ணை நம்பத் தயாராக இல்லை மீட்டரம்மா. சுவிட்சைத் தொண்ணூற்று நாலுக்குத் தள்ளி, மூன்று முறை பார்த்து, மீட்டரைச் சரி செய்தாள். "மீட்டரு சொன்னா மட்டும் போதாது. எல்லா வண்டியும் ஓடட்டும். அக்கா நிக்கிற எடத்துல நிக்கட்டும், முதுகக் காட்டிக்கிட்டு. கேட்டதும் சிவப்புக் கொடியத் தூக்கட்டும்" என்றாள். லாரி வந்து நிற்க வேண்டிய இடத்தில், அக்காவுக்குப் பத்து மீட்டர் பின்னால், சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார்கள். அதைத் தாண்டக்கூடாது என்று ஓட்டுநருக்கு இரண்டு முறை சொன்னார்கள். மேற்பார்வையாளர் கோட்டுக்கு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கொடியக்காவுக்கு ஒரே உற்சாகம். கவசத்தைக் கழற்றி மீட்டரம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "நல்லா பாத்துக்க, எப்படித் தூக்குறேன்னு" என்று சொல்லி, ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு, லாரிக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே பத்தடி தள்ளி மீட்டரம்மா, பக்கத்தில் மீட்டர். ஜெனரேட்டர் கிளம்பியது, லோடர் கிளம்பியது, மற்ற லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமின. மீட்டர் எண்பத்திரண்டு என்றது. வாசல் பக்கத்தில் இருந்து லாரி பின்பக்கமாக நகரத் தொடங்கியது.

பீப்.

என்ன சத்தம். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஓரத்தில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்துக் குடியிருப்பில் மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. தோளில் ஒரு குழந்தையோடு அந்தப் பெண் கீழே எட்டிப் பார்த்தாள். மீட்டரம்மாவுக்கு அப்பாடா என்று இருந்தது.

பீப். பீப்.

கொடி ஏறவில்லை. வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று நினைத்தாள் மீட்டரம்மா. அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, முன்பு வைத்த இடத்திலேயே, கொஞ்சமும் மாறாமல். நாலாவது பீப். ஐந்தாவது. கொடியக்காவின் கால்கள் மண்ணில் லேசாக அகன்று ஊன்றின. நாலாபக்கமும் இயந்திரங்கள் ஓடும்போது தரையும் எதையும் பிரித்துச் சொல்லாது. கண்கள் மட்டும் மீட்டரம்மாவின் முகத்தில் வந்து நின்றன. வந்துடுச்சா என்று கேட்டன.

மேற்பார்வையாளர் பின்னால் இருந்தார். அவருக்குத் தெரிந்தது கொடி மட்டும்தான். மீட்டரம்மா தலையை ஒரு விரற்கடை அசைத்தால் போதும், கொடி ஏறிவிடும், எல்லோரும் கை தட்டுவார்கள். நாளைக்கும் கொடியக்கா இதே இடத்தில் வந்து நிற்பாள், நாளை மறுநாளும். அசைக்காமல் இருந்தால் இன்றைக்கே கொடியை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் கழுத்து கல்லாக இறுகிவிட்டது. கண்ணைக்கூடச் சிமிட்டப் பயமாக இருந்தது.

லாரி சுண்ணாம்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மாடியில் குழந்தை வாயைத் திறந்து அழுதது. சுருட்டிய சிவப்புக் கொடியைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, கொடியக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.